குறைந்த ஊடுருவல் இதயத் தமனி மாற்றுவழி அறுவை சிகிச்சை

குறைந்த ஊடுருவல் இதயத் தமனி மாற்றுவழி அறுவை சிகிச்சை என்பது, அடைபட்ட இதயத் தமனியைத் தாண்டி இரத்தம் செல்வதற்கான புதிய பாதையை, மார்பெலும்பை முழுமையாகப் பிளக்காமல் அமைக்கும் அறுவை சிகிச்சை முறைகளின் பொதுப்பெயர் ஆகும். மக்கள் வழக்கில் இது சிறுதுளை பைபாஸ் அல்லது கீஹோல் பைபாஸ் எனப்படுகிறது. இப்பெயர் ஒரே ஒரு முறையைக் குறிப்பதன்று. இடது மார்பில் சில சென்டிமீட்டர் நீளமுள்ள கீறல் வழியே செய்யப்படுவது, ரோபோ கைகளைக் கொண்டு துளைகள் வழியே செய்யப்படுவது, ஒரு தமனிக்கு அறுவை சிகிச்சையும் மற்றவற்றுக்கு ஸ்டென்ட்டும் எனக் கலந்து செய்யப்படுவது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

இம்முறைகளில் குறைவது, இதயத்தைச் சென்றடைவதற்காக உடலில் ஏற்படுத்தப்படும் காயமே. இதயத்தின் மேல் செய்யப்படும் தையல் வேலை வழக்கமான பைபாஸில் உள்ளதைப் போன்றதே. அதே வேலையைக் குறுகிய இடத்துக்குள் செய்ய வேண்டியிருப்பதால் அது கடினமாகவும் ஆகிறது. எனவே இம்முறைகளின் வெற்றி தழும்பின் அளவைக் கொண்டு மதிப்பிடப்படுவதில்லை. இணைக்கப்பட்ட குழாய் எத்தனை ஆண்டுகள் அடைபடாமல் இருக்கிறது, இரத்தம் தேவைப்படும் எல்லாப் பகுதிகளுக்கும் அது போய்ச் சேர்கிறதா என்பவையே முதன்மையான அளவுகோல்கள்.

பின்னணி

இதயத் தசைக்கு இரத்தம் வழங்குபவை இதயத் தமனிகள். இடது முதன்மைத் தமனி இரண்டாகப் பிரிகிறது. இதயத்தின் முன்பக்கமாகக் கீழிறங்குவது இடது முன் இறங்கு தமனி. இடப்புறமாகச் சுற்றிப் பின்பக்கம் செல்வது சுற்றுத் தமனி. வலப்பக்கத்துக்குத் தனியாக வலது இதயத் தமனி உள்ளது. இவற்றின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குறுகும்போது நெஞ்சு வலியும், திடீரென அடைபடும்போது மாரடைப்பும் ஏற்படுகின்றன.

இவற்றுள் இடது முன் இறங்கு தமனி முக்கியமானது. உடலுக்கு இரத்தத்தைச் செலுத்தும் இடது இதயக் கீழறையின் பெரும்பகுதிக்கு இதுவே இரத்தம் தருகிறது. இதன் தொடக்கப் பகுதியில் ஏற்படும் அடைப்பு உயிருக்கு ஆபத்தானது.

மாற்றுவழி அறுவை சிகிச்சையில் அடைப்பு நீக்கப்படுவதில்லை. உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த இரத்தக் குழாயின் ஒரு முனை, அடைப்புக்கு அப்பால் தமனியுடன் தைக்கப்படுகிறது. இதற்குப் பொதுவாக மூன்று வகைக் குழாய்கள் பயன்படுகின்றன: மார்பெலும்பின் உட்புறம் ஓடும் உள்மார்புத் தமனி, முன்கையிலுள்ள ஆரத் தமனி, காலிலுள்ள நீண்ட மேலோட்டச் சிரை.

இம்மூன்றும் ஒரே அளவு நீடித்து உழைப்பவை அல்ல. இடது உள்மார்புத் தமனியை இடது முன் இறங்கு தமனியுடன் இணைத்தால், பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்கு 90க்கு மேற்பட்ட இணைப்புகள் திறந்தே இருக்கின்றன. காலிலிருந்து எடுக்கப்படும் சிரைகளில் ஏறத்தாழப் பாதி அந்தக் காலத்துக்குள் அடைபட்டோ மிகவும் குறுகியோ விடுகின்றன. உள்மார்புத் தமனி இணைப்பைப் பெற்றவர்கள் சிரை மட்டுமே பெற்றவர்களைவிட நீண்ட காலம் வாழ்வதை, அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குறைந்த ஊடுருவல் முறைகள் பெரும்பாலும் இந்த ஓர் இணைப்பை மையமாகக் கொண்டே உருவாயின. உள்மார்புத் தமனி, இடது முன் இறங்கு தமனி ஆகிய இரண்டும் இடது மார்பின் முன்பக்கத்தில் அருகருகே இருப்பதால், சிறிய கீறல் வழியே இரண்டையும் எட்ட முடிகிறது.

வழக்கமான முறையும் அதன் சுமைகளும்

வழக்கமான பைபாஸில் கழுத்துக்குக் கீழிருந்து மேல்வயிறு வரை சுமார் 20 முதல் 25 செ.மீ. நீளத்துக்குத் தோல் கீறப்படுகிறது. மார்பெலும்பு ரம்பத்தால் நெடுக்குவாக்கில் அறுக்கப்பட்டு இரு பக்கமும் விரிக்கப்படுகிறது. பிறகு இரத்தம் இதய-நுரையீரல் இயந்திரத்துக்குத் திருப்பப்படுகிறது. பெருந்தமனியை இடுக்கியால் மூடி, பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி இதயத் துடிப்பு நிறுத்தப்படுகிறது. அசையாத, இரத்தம் படியாத இதயத்தின் மேல் தையல் போடப்படுகிறது. முடிவில் மார்பெலும்பு எஃகுக் கம்பிகளால் கட்டப்படுகிறது.

இம்முறை உலகெங்கும் நன்கு பழகிய, நம்பகமான முறையாகும். இதயத்தின் எல்லாப் பக்கங்களையும் மருத்துவர் தெளிவாகக் காணலாம். மூன்று, நான்கு இணைப்புகளையும் ஒரே அமர்வில் செய்யலாம். எனினும் இதில் நோயாளிக்கு இரண்டு தனித்தனிச் சுமைகள் உண்டு.

முதலாவது, எலும்புப் பிளவு. மார்பெலும்பு ஒன்றுசேர ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை பளு தூக்குதல், வண்டி ஓட்டுதல் முதலியவற்றைத் தவிர்க்க வேண்டும். சிலருக்கு அந்த எலும்பின் ஆழத்தில் சீழ் பிடிக்கிறது. இது அரிதே என்றாலும், ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

இரண்டாவது, இயந்திரத்தின் பயன்பாடு. இரத்தம் செயற்கைக் குழாய்களின் பரப்பைத் தொடும்போது உடல் முழுவதும் அழற்சி எதிர்வினை தோன்றுகிறது. இரத்தத்தின் உறையும் தன்மையும் மாறுகிறது. சுண்ணாம்பு படிந்த பெருந்தமனியை இடுக்கியால் பிடிக்கும்போது துகள்கள் பிரிந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும்.

இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறிவது அவசியம். மார்பெலும்பைப் பிளந்து, ஆனால் இயந்திரம் இல்லாமல் பைபாஸ் செய்யலாம். சிறு துளைகள் வழியே, ஆனால் இயந்திரத்தின் துணையுடனும் செய்யலாம். 'குறைந்த ஊடுருவல்' என்ற ஒரே பெயரின் கீழ் இவை எல்லாம் பேசப்படுவதால் நோயாளிகளுக்குக் குழப்பம் ஏற்படுகிறது.

வரலாறு

இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு வெற்றிகரமான முதல் இதய அறுவை சிகிச்சையை அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் 1953இல் செய்தார். ஆயினும் தமனி மாற்றுவழியின் தொடக்க முயற்சிகள் இயந்திரம் இல்லாமலேயே நடந்தன. 1960இல் நியூயார்க்கில் இராபர்ட் கோயட்ஸ், உள்மார்புத் தமனியை வலது இதயத் தமனியுடன் ஓர் உலோக வளையத்தின் உதவியால் இணைத்தார். 1964இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராடு நகரில் வசீலி கொலேசொவ், துடித்துக்கொண்டிருந்த இதயத்தில் உள்மார்புத் தமனியைத் தைத்து இணைத்தார். அவர் மார்பெலும்பைப் பிளக்கவில்லை. இடது விலா எலும்புகளுக்கு இடையே மார்பைத் திறந்தார். இன்றைய சிறுகீறல் முறையின் அடிப்படைக் கூறுகள் அன்றே அதில் இருந்தன.

அம்முறை அப்போது பரவவில்லை. 1967இல் கிளீவ்லாந்து கிளினிக்கில் பணியாற்றிய அர்ஜென்டினா மருத்துவர் ரெனே ஃபாவலோரோ காலின் சிரையைக் கொண்டு மாற்றுவழி அமைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். நிறுத்தப்பட்ட இதயத்தில் தைப்பது எளிதாக இருந்ததால், உலகின் பெரும்பாலான மருத்துவமனைகள் இயந்திர வழியையே பின்பற்றின.

1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருயென்ட்சிக், பலூனால் இதயத் தமனியை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை முதன்முதலில் ஒரு நோயாளிக்குச் செய்தார். ஊசித்துளை அளவு காயத்துடன் ஓரிரு நாளில் வீடு திரும்ப வழி பிறந்ததும், அறுவை சிகிச்சையின் காயத்தையும் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1980களில் அர்ஜென்டினாவின் ஃபெடெரிகோ பெனெட்டியும் பிரேசிலின் எனியோ புஃபோலோவும் துடிக்கும் இதயத்தில் பைபாஸ் செய்யும் முறைக்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். 1990களின் நடுப்பகுதியில் பெனெட்டி, இத்தாலியின் அந்தோனியோ கலாஃபியோரே, நியூயார்க்கின் வளவனூர் ஏ. சுப்பிரமணியன் ஆகியோர் இடது மார்பின் சிறுகீறல் வழியே பைபாஸ் செய்வதை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர்.

அக்காலத்தில் மருந்து கொடுத்து இதயத் துடிப்பை மெதுவாக்கி, அசைவுக்கு நடுவே தைக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கொர்னேலியஸ் போர்ஸ்ட் குழுவினர் 'ஆக்டோபஸ்' என்ற நிலைப்படுத்தியை உருவாக்கியதும் நிலைமை மாறியது. உறிஞ்சு குமிழ்கள் கொண்ட இரு கைகளால் இதயத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் இது அசையாமல் பிடித்துக்கொள்ளும். மற்ற பகுதிகள் வழக்கம்போல் துடிக்கும். 1998இல் பிரான்சில் ரோபோ கருவியைக் கொண்டு துளைகள் வழியே பைபாஸ் செய்யப்பட்டது. 2000களில் அமெரிக்காவின் ஜோசப் மெக்கின், கனடாவின் மார்க் ருயெல் ஆகியோர் ஒரே சிறுகீறல் வழியே பல தமனிகளுக்கு மாற்றுவழி அமைக்கும் முறையை வளர்த்தனர். இவ்விருவரின் மையங்களில் அடுத்தடுத்துச் சிகிச்சை பெற்ற 450 நோயாளிகளின் விவரங்கள் 2009இல் வெளியாயின.

வகைகள்

1. நேரடிச் சிறுகீறல் முறை: இடது மார்பில் நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியில் சுமார் 5 முதல் 8 செ.மீ. நீளத்துக்குக் கீறி, இயந்திரம் இல்லாமல், துடிக்கும் இதயத்தில் செய்யப்படுவது. பெரும்பாலும் இடது முன் இறங்கு தமனிக்கு ஒரே ஓர் இணைப்பு அமைக்கப்படும்.

2. பலதமனிச் சிறுகீறல் முறை: ஏறத்தாழ அதே அளவுக் கீறல் வழியே சுற்றுத் தமனி, வலது இதயத் தமனி ஆகியவற்றுக்கும் இணைப்பு அமைப்பது. இதயத்தைத் தூக்கித் திருப்பிப் பிடிப்பதற்கான கருவிகள் தனித் துளைகள் வழியே செலுத்தப்படுகின்றன. சிரையின் மேல்முனையைப் பெருந்தமனியில் தைக்கும் வேலையும் அதே கீறல் வழியே நடக்கிறது.

3. ரோபோ துணையுடன் சிறுகீறல் முறை: உள்மார்புத் தமனியை மார்புச் சுவரிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையை ரோபோ கைகள் துளைகள் வழியே செய்கின்றன. இதயத்தில் தைக்கும் வேலையை மருத்துவர் சிறுகீறல் வழியே தம் கையால் செய்கிறார். விலா எலும்புகளை அதிகம் விரிக்க வேண்டியதில்லை.

4. முழு அகநோக்கி முறை: தமனியைப் பிரித்தெடுப்பது முதல் தைப்பது வரை எல்லாமே துளைகள் வழியே ரோபோ கைகளால் நடப்பது. மருத்துவர் சற்றுத் தள்ளி இருக்கும் மேடையில் அமர்ந்து முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி கைகளை இயக்குகிறார். ரோபோ தானாக எதையும் செய்வதில்லை. இதயத்தைத் துடிக்க விட்டும் செய்யலாம். தொடை இரத்தக் குழாய்கள் வழியே இயந்திரத்தை இணைத்து இதயத்தை நிறுத்தியும் செய்யலாம்.

5. கலப்பு முறை: இடது முன் இறங்கு தமனிக்குச் சிறுகீறல் வழியே உள்மார்புத் தமனி இணைப்பு, மற்றத் தமனிகளுக்கு ஸ்டென்ட். நீடித்து உழைக்கும் இணைப்பின் பயனையும், ஸ்டென்ட்டின் எளிமையையும் ஒருங்கே பெறுவது இதன் நோக்கம். இரண்டும் ஒரே நாளிலோ சில நாள் அல்லது சில வார இடைவெளியிலோ செய்யப்படலாம்.

இவற்றுடன், அகநோக்கி வழியே சிரை எடுத்தலும் குறிப்பிடத்தக்கது. முன்பு கணுக்காலிலிருந்து தொடை வரை நீளமாகக் கீறிச் சிரை எடுக்கப்பட்டது. இப்போது முழங்காலருகே இரண்டு மூன்று செ.மீ. கீறல் போட்டு, அகநோக்கியைச் செலுத்தி எடுக்கப்படுகிறது. மார்பெலும்பைப் பிளந்து செய்யும் பைபாஸிலும் இதைப் பயன்படுத்தலாம்.

மார்பெலும்பைப் பிளந்து, இயந்திரம் இல்லாமல் செய்யப்படும் துடிக்கும் இதய பைபாஸை இப்பட்டியலில் சேர்ப்பதில்லை. அதில் இயந்திரத்தின் சுமை குறைகிறது. எலும்புக் காயம் அப்படியே உள்ளது.

செய்முறை

நேரடிச் சிறுகீறல் முறை பின்வரும் வரிசையில் நடைபெறுகிறது.

முழு மயக்கம் கொடுத்த பின், இரண்டு வழிகள் கொண்ட குழாய் மூச்சுக்குழலில் செலுத்தப்படுகிறது. இதன் மூலம் வலது நுரையீரல் மட்டும் சுவாசிக்க, இடது நுரையீரல் காற்று வடிந்து சுருங்கி வழிவிடுகிறது. தேவைப்பட்டால் உடனே மார்பெலும்பைத் திறக்கும் வகையில் நோயாளியின் மார்பு முழுவதும் தூய்மை செய்யப்பட்டிருக்கும். இதய-நுரையீரல் இயந்திரமும் ஆயத்த நிலையில் இருக்கும்.

விலா இடைவெளி திறக்கப்பட்டு, மேல் விலாக்களை உயர்த்திப் பிடிக்கும் கருவி பொருத்தப்படுகிறது. உள்மார்புத் தமனி அதன் கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு மார்புச் சுவரிலிருந்து பிரிக்கப்படுகிறது. அதன் மேல்முனை இயல்பான இடத்திலேயே இருப்பதால், அதில் இரத்தம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். கீழ்முனை மட்டுமே வெட்டப்படுகிறது. பெருந்தமனியைத் தொடவேண்டிய தேவையே இல்லாமல் போவதால், துகள் பிரிந்து பக்கவாதம் வரும் வாய்ப்பும் குறைகிறது.

இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்தப்படுகிறது. இதய உறை திறக்கப்பட்டு, தைக்கவேண்டிய தமனி அடையாளம் காணப்படுகிறது. அவ்விடத்தில் நிலைப்படுத்தி பொருத்தப்பட்டு, தமனியின் மேல்பகுதி மென்மையான நாடாவால் சிறிது நேரம் இறுக்கப்படுகிறது. தமனி திறக்கப்பட்டதும், தைக்கும் நேரத்தில் இரத்தம் கீழ்நோக்கிச் செல்ல ஒரு நுண்குழல் உள்ளே வைக்கப்படுவதும் உண்டு. பின்னர் தலைமுடியைப் போன்ற மெல்லிய இழையால் இரு குழாய்களும் தைக்கப்படுகின்றன. இங்கே தமனியின் விட்டம் பெரும்பாலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டரே. ஒரு தையல் பிசகினாலும் இரத்தம் கசியலாம், அல்லது வாய் குறுகிவிடலாம்.

தைத்து முடித்தபின், மீயொலியால் இயங்கும் பாய்வுமானியைக் குழாயின் மேல் வைத்து இரத்த ஓட்டம் அளக்கப்படுகிறது. ஓட்டம் போதாதெனில் அப்போதே தையலைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் இணைப்பிலும் குறை இருக்கலாம் என்பதால், இச்சோதனை சிறுகீறல் முறையில் மிக முக்கியமானது. இறுதியில் வடிகுழாய் வைத்து, விலா நரம்புகளுக்கு மரத்துப்போகும் மருந்து செலுத்தி, கீறல் மூடப்படுகிறது.

யாருக்கு ஏற்றது

இடது முன் இறங்கு தமனியின் தொடக்கத்தில் கடுமையான அடைப்பு இருந்து, அது ஸ்டென்ட் வைப்பதற்கு ஏற்றதாக இல்லாதவர்களுக்கு இம்முறை பொருத்தமானது. அத்தமனி முற்றிலும் அடைபட்டு நாட்பட்டவர்கள், வைத்த ஸ்டென்ட் மீண்டும் மீண்டும் அடைபடுபவர்கள், மார்பெலும்பு சேர்வதில் சிக்கல் வரக்கூடியவர்கள் ஆகியோரும் பயன்பெறலாம். பல தமனிகளில் அடைப்பு உள்ளவர்களுக்குப் பலதமனி முறையோ கலப்பு முறையோ கருதப்படும்.

பின்வரும் நிலைகளில் இம்முறை பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது:

- மாரடைப்புக்குப் பின் இரத்த அழுத்தம் நிலைகுலைந்து அவசரமாக அறுவை சிகிச்சை தேவைப்படும்போது
- ஒரு நுரையீரலால் மட்டும் சுவாசிக்க இயலாத அளவுக்கு நுரையீரல் நோய் இருக்கும்போது
- முன்பு நடந்த அறுவை சிகிச்சை, காசநோய் அல்லது கதிர்வீச்சால் இடது நுரையீரல் மார்புச் சுவருடன் ஒட்டிக்கொண்டிருக்கும்போது
- இதயத் தமனி தசைக்குள் புதைந்தோ, நெடுகச் சுண்ணாம்பு படிந்தோ, மிக மெல்லியதாகவோ இருக்கும்போது
- இடது கைக்குச் செல்லும் தமனி, உள்மார்புத் தமனி கிளைக்கும் இடத்துக்கு முன்பே குறுகியிருக்கும்போது
- வால்வு மாற்றம் போன்ற வேறு இதய அறுவை சிகிச்சையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும்போது

நன்மைகள்

மார்பெலும்பு முழுமையாக இருப்பதால் அது ஒன்றுசேரக் காத்திருக்க வேண்டியதில்லை. அதில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் இல்லை. இரத்த இழப்பும் இரத்தம் ஏற்றவேண்டிய தேவையும் குறைகின்றன. செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்து விரைவில் விடுபடலாம். சிக்கல் இல்லாத நோயாளிகள் பலர் மூன்று முதல் ஐந்து நாட்களில் வீடு திரும்புகின்றனர். வழக்கமான பைபாஸுக்குப் பின் இரண்டு மூன்று மாதங்கள் தேவைப்படும் பணிகளுக்கு, இம்முறையில் சில வாரங்களிலேயே திரும்ப முடிகிறது.

தெற்காசியாவில் இது வெறும் வசதி சார்ந்த செய்தியன்று. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் நடுவயது தெற்காசியர்களிடையே ஏறத்தாழ 53 ஆகவும், பிற நாட்டினரிடையே ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் வயதில் நோய் வருபவர்களுக்கு, பணிக்குத் திரும்பும் காலம் வருமானத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

இடர்களும் வரம்புகளும்

சிறுகீறல் என்றால் வலியும் சிறிது என்பது சரியன்று. விலா எலும்புகள் விரிக்கப்படும்போது அவற்றினூடே செல்லும் நரம்புகள் நசுங்குவதால், முதல் சில நாட்கள் வலி வழக்கமான முறையைவிட அதிகமாகவும் இருக்கலாம். சிலருக்கு மார்பில் மரத்துப்போன உணர்வு மாதக்கணக்கில் நீடிக்கும். துளைகள் வழியே செய்யும் முறைகளில் இத்தொல்லை குறைவு.

தையல் குறைபாட்டால் இணைப்பு விரைவில் அடைபடுதல், இரத்தக்கசிவு, சீரற்ற இதயத் துடிப்பு, நுரையீரலைச் சுற்றி நீர் அல்லது காற்று சேர்தல், தொடை வழியே இயந்திரம் இணைக்கப்படும்போது அங்குள்ள குழாய்களில் காயம் ஆகியவை ஏற்படலாம். அறுவை சிகிச்சையின் நடுவே இதயம் தளர்ந்தாலோ, தமனியை எட்ட முடியாவிட்டாலோ மார்பெலும்பைத் திறக்க வேண்டிவரும். இதை முன்கூட்டியே முடிவெடுத்துச் செய்தால் பெரும்பாலும் பாதிப்பில்லை. நெருக்கடியில் அவசரமாகச் செய்யும்போதுதான் ஆபத்து கூடுகிறது.

மற்றொரு வரம்பு, இரத்த ஓட்டம் முழுமையாக மீட்கப்படாமை. மூன்று தமனிகளுக்கு இணைப்பு தேவைப்படும் ஒருவருக்கு, கீறல் சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒன்று மட்டும் அமைக்கப்பட்டு மற்றவை அப்படியே விடப்பட்டால், அவருக்குக் கிடைப்பது அரைகுறை சிகிச்சையே.

மேலும், இம்முறையைக் கற்றுத் தேர்ச்சி பெற நீண்ட காலம் பிடிக்கிறது. மருத்துவர் மட்டுமன்றி மயக்கவியல் மருத்துவர், இயந்திரத்தை இயக்குபவர், செவிலியர் என ஒரு குழு முழுவதும் சேர்ந்து பழக வேண்டும். ஆண்டுக்கு ஒரு சில முறை மட்டும் செய்யும் மையங்களில் அந்தத் தேர்ச்சி உருவாவது கடினம்.

ஆய்வு முடிவுகள்

இயந்திரம் இல்லாமல் செய்வது எப்போதும் மேலானது என்ற தொடக்ககால நம்பிக்கையைப் பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அமெரிக்காவில் 2,203 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ரூபி ஆய்வில், ஓராண்டுக்குப் பின் திறந்திருந்த இணைப்புகள் இயந்திரம் பயன்படுத்திய குழுவில் 87.8 விழுக்காடு, பயன்படுத்தாத குழுவில் 82.6 விழுக்காடு. ஐந்தாண்டு முடிவில் இறப்பும் இயந்திரம் இல்லாத குழுவிலேயே கூடுதலாக இருந்தது. ஆனால் 19 நாடுகளில் 4,752 பேரிடம் நடந்த கரோனரி ஆய்வில் ஐந்தாண்டுக்குப் பின் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்த ஆய்வில் பங்கேற்ற மருத்துவர்கள் துடிக்கும் இதய முறையில் நன்கு தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. முறையைவிடச் செய்பவரின் பயிற்சி முக்கியம் என்று இவ்வேறுபாட்டுக்குப் பலரும் விளக்கம் தருகின்றனர்.

அகநோக்கி வழியே சிரை எடுப்பதிலும் இதே போன்ற பாடம் கிடைத்தது. 2009இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, இவ்வாறு எடுத்த சிரைகள் கூடுதலாக அடைபடுவதாகக் காட்டி அச்சத்தை ஏற்படுத்தியது. பின்னர் தேர்ந்த கைகளைக் கொண்டு 1,150 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ரீகுரூப் ஆய்வில் இறப்பு, மாரடைப்பு முதலியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. காலில் ஏற்படும் புண் தொற்று பாதிக்கும் குறைவாக இருந்தது.

நீரிழிவு நோயாளிகளைப் பொறுத்தவரை 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு முக்கியமானது. பல தமனிகளில் அடைப்புள்ள 1,900 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த இதில், ஸ்டென்ட்டைவிட பைபாஸ் சிறந்த பலன் தந்தது. எனவே கலப்பு முறையில் மற்றத் தமனிகளை ஸ்டென்ட்டிடம் ஒப்படைக்கும் முடிவை, நீரிழிவு உள்ளவர்களுக்குக் கவனமாகவே எடுக்க வேண்டும்.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவை சிகிச்சையை 1975இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் செய்தார். இந்தியாவில் துடிக்கும் இதய முறை மேலை நாடுகளைவிட மிகுதியாகக் கையாளப்படுகிறது. இயந்திரத்துக்குத் தேவையான, ஒருமுறை மட்டுமே பயன்படும் பொருட்களின் செலவு மிச்சமாவது இதற்கு ஒரு காரணம். துடிக்கும் இதயத்தில் தைத்துப் பழகிய மருத்துவர்கள் பலர் இருப்பதால், சிறுகீறல் முறைக்கு மாறுவதற்கு இங்கு நல்ல அடித்தளம் உள்ளது. சென்னை உள்ளிட்ட பெருநகர மருத்துவமனைகள் சிலவற்றில் ரோபோ துணையுடனும் இது செய்யப்படுகிறது. ரோபோ கருவியின் விலையும் பராமரிப்பும் அதிகம் என்பதால் அம்முறையின் கட்டணமும் கூடுதலே.

சிகிச்சைக்குப் பின்

கீறல் சிறிதாக இருந்தாலும் நோய் அதேதான். மாற்றுவழி அமைப்பதால் தமனிகளில் கொழுப்பு படியும் தன்மை நீங்குவதில்லை. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் ஆகிய மருந்துகளை மருத்துவர் கூறும் வரை, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், உட்கொள்ள வேண்டும். புகைப்பதை அறவே நிறுத்துதல், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், மருத்துவர் வகுத்த உடற்பயிற்சி ஆகியவை இன்றியமையாதவை. விரைவில் நலமாகிவிட்டதாக உணர்வதால் மருந்தை நிறுத்திவிடுபவர்களுக்குப் புதிய குழாயும் அடைபடும் ஆபத்து உண்டு. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், காய்ச்சல், கீறலில் நீர் அல்லது சீழ் வடிதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனையை அணுக வேண்டும்.

முறையைத் தேர்ந்தெடுத்தல்

எந்த முறை தகுந்தது என்பதை ஆஞ்சியோகிராம் படங்களைப் பார்த்து இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வது நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது. நோயாளியும் குடும்பத்தாரும் சில செய்திகளைக் கேட்டுத் தெளிவு பெறலாம்: எத்தனை தமனிகளுக்கு இணைப்பு தேவை, சிறுகீறல் வழியே அத்தனையும் அமைக்கப்படுமா, உள்மார்புத் தமனி பயன்படுத்தப்படுமா, இதய-நுரையீரல் இயந்திரம் தேவைப்படுமா, இம்முறையை அக்குழு எவ்வளவு காலமாகச் செய்துவருகிறது, நடுவே மார்பெலும்பைத் திறக்க நேர்வது எத்தனை பேருக்கு, காப்பீட்டில் இம்முறைக்கு இடமுண்டா.

இக்கேள்விகளுக்கு நிறைவான விடை கிடைக்குமானால் சிறுகீறல் முறை நோயாளிக்குப் பெரும் நன்மையாக அமையும். ஏதேனும் ஒன்றில் ஐயம் இருந்தால், மார்பெலும்பைப் பிளந்து செய்யப்படும் வழக்கமான பைபாஸே பாதுகாப்பான வழியாகும். எலும்பு மூன்று மாதத்தில் சேர்ந்துவிடும். சரியாகத் தைக்கப்பட்ட உள்மார்புத் தமனி பல பத்தாண்டுகள்கூட இதயத்துக்கு இரத்தம் தரவல்லது.